பாலாவ் மரத்தளத்துக்கு ஓஸ்மோ பாங்கிராய் எண்ணெய்: சிங்கப்பூர் வெயில் மழையில் ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரில் தரைவீடு வைத்திருப்பவர்களில் பலர் வீட்டின் பின்கட்டிலோ மேல்மாடியிலோ மரத்தளம் ஒன்றை அமைத்துக்கொள்கிறார்கள். அமைத்து முடித்துச் சில மாதங்கள் கழிந்ததும் அவர்கள் கேட்கத் தொடங்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான்: இதன்மேல் எதைப் பூசுவது, எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை பூசுவது. பூசத்தான் வேண்டுமா என்ற கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. கடைக்காரரும் ஒப்பந்தக்காரரும் அதை எழுப்பப்போவதில்லை. ஆனால் ஜெர்மனியின் ஓஸ்மோ நிறுவனம் தயாரிக்கும் பாங்கிராய் எண்ணெய் கொடுக்கும் காசுக்குத் தகுதியானதா என்பதை முடிவு செய்ய, அந்த மூன்றாவது கேள்விக்குத்தான் முதலில் விடை காண வேண்டும்.

எங்கள் வீட்டுத் தளம் பாலாவ் மரத்தால் ஆனது. ஷோரியா என்ற பேரினத்தில் கனமும் உறுதியும் மிக்க பல மரங்களுக்குப் பொதுவாக வழங்கும் வணிகப்பெயர் இது. இந்திய ரயில்பாதைகளில் தண்டவாளங்களுக்கு அடியில் நெடுங்காலம் கிடந்த சால மரமும் இதே பேரினம்தான். காற்றில் உலர்ந்த பாலாவ் ஒரு கன மீட்டருக்கு 850 கிலோவுக்குக் குறையாமல் எடை நிற்கும். சில இனங்கள் 1,000 கிலோவையும் தாண்டி, நீரில் போட்டால் மூழ்கிவிடும். 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தில், சாலைக்கு 36 மீட்டர் உயரத்தில், 274 மீட்டர் நீளத்துக்கு நாம் நடந்துபோவது மஞ்சள் பாலாவ் பலகைகளின்மேல்தான். இதையே இந்தோனீசியாவிலும் ஐரோப்பியச் சந்தையிலும் பாங்கிராய் என்கிறார்கள். எண்ணெயின் பெயர் அங்கிருந்து வந்தது. ஆகவே பாலாவ் தளம் வைத்திருப்பவர் டப்பாவில் தம் மரத்தின் பெயரைக் காணாமல் குழம்பத் தேவையில்லை.

இந்த மரத்தின் வைரப் பகுதி, அதாவது நடுவில் முற்றிய பகுதி, பூஞ்சைக்கும் கறையானுக்கும் இயல்பாகவே எளிதில் இடம் கொடுப்பதில்லை. தண்ணீர் தேங்காமல், அடியில் காற்றோட்டத்துடன் தளத்தை அமைத்திருந்தால், எந்தப் பூச்சும் இல்லாமலே பல்லாண்டுகள் நிலைக்கும். எண்ணெய் பூசினால்தான் மரம் உளுத்துப்போகாமல் இருக்கும் என்று யாராவது சொன்னால் அது விற்பனைப் பேச்சு. வெளிறு, அதாவது வைரத்தைச் சுற்றியுள்ள முற்றாத பகுதி, கலந்த பலகையை எந்த எண்ணெயும் காப்பாற்றாது. வைரம் பாய்ந்த பலகைக்கு அந்தக் காப்பு தேவையும் இல்லை. எண்ணெய் செய்யும் வேலை வேறு. மரம் நீரை உறிஞ்சும் வேகத்தையும் வெளியிடும் வேகத்தையும் அது தணிக்கிறது. அதனால் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் குறைகின்றன, வெறுங்காலில் சிராய் ஏறுவது குறைகிறது, அழுக்கும் பாசியும் ஆழமாகப் பற்றாமல் கழுவினால் போகும் நிலையில் இருக்கின்றன. நிறமி கலந்த எண்ணெயாக இருந்தால் மரம் நரைப்பதும் தாமதமாகிறது.

நரைப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மரத்தின் நார்களைப் பிணைத்துவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போய்விட, வெளுத்த நார்கள் மட்டும் மேலே எஞ்சுகின்றன. இது மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலத்தோடு நின்றுவிடும் மாற்றம். உள்ளே மரம் உறுதியாகவே இருக்கும். ஐரோப்பிய இதழ்களின் படங்களில் காணும் வெள்ளி நிறத் தளங்கள் இப்படி நரைத்தவைதான், அந்த நிறத்தை விரும்பியே பூச்சில்லாமல் விடுபவர்களும் உண்டு. அவர்கள் இந்த எண்ணெயை வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் ஈரப்பதம் குறையாத இந்தத் தீவில், மதிலின் நிழல் விழும் பின்கட்டுத் தளம் படத்தில் உள்ளதுபோல ஒரே சீரான வெள்ளியாக நரைப்பதில்லை. வெயில் படும் பக்கம் சாம்பலாகவும், நிழல் பக்கம் கரும்புள்ளிகளும் பச்சைப் பாசியுமாகவும் திட்டுத்திட்டாக மாறிவிடுகிறது. அழகை விடுங்கள், பாசி படிந்த பலகை மழைநாளில் வழுக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அது சிறிய விஷயம் அல்ல. இந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் ஊர்த் தளங்களுக்கு ஏதேனும் ஒரு பூச்சு வேண்டும் என்பது என் முடிவு.

ஏதேனும் ஒன்று என்றாலும், எதுவும் சரி என்பதில்லை. தளத்தை அமைத்துக் கொடுத்த ஒப்பந்தக்காரர் அப்போது அடித்துக் கொடுத்தது பாலியூரத்தேன் வார்னிஷ். கைமாற்றிக் கொடுத்த அன்று கண்ணாடிபோலப் பளபளத்தது. பிறகு திருகாணித் தலைகளைச் சுற்றியும் பலகைகளின் முனைகளிலும் பால் வெள்ளையாகப் பூத்து, செதில் செதிலாக உரியத் தொடங்கியது. இதற்கு அந்த ஒப்பந்தக்காரரின் கைவேலையைக் குறை சொல்வதைவிட, அந்த வகைப் பூச்சைத் தரைமட்டமாகக் கிடக்கும் வெளிப்பலகைக்குத் தேர்ந்தெடுத்ததைத்தான் குறை சொல்ல வேண்டும். மழைக்கு அகலத்தில் விரிந்தும் வெயிலுக்குச் சுருங்கியும் மரம் ஓயாமல் அசைகிறது. மேலே இறுகிய படலம் அந்த அசைவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் எங்காவது விரிசல் விடுகிறது. விரிசல் வழியே உள்ளே போன நீருக்கு வெளியேற வழி இல்லை. போதாக்குறைக்கு, நிறமற்ற படலத்தை ஊடுருவிச் செல்லும் புற ஊதாக் கதிர்கள் அடியிலுள்ள மரப் பரப்பையே சிதைப்பதால், வார்னிஷ் எதைப் பற்றிக்கொண்டிருக்கிறதோ அதுவே நழுவிப்போகிறது. உரிந்த வார்னிஷின்மேல் இன்னொரு கை அடிக்கவும் முடியாது. தளம் முழுவதையும் தேய்த்து வெறும் மரமாக்கிவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

ஓஸ்மோவின் தள எண்ணெய்கள் இதற்கு நேர் எதிரான வகையைச் சேர்ந்தவை. தாவர எண்ணெய்களை அடிப்படையாகக் கொண்டு, பெரும்பாலானவற்றில் நிறமி சேர்த்து, கரைப்பானால் நீர்க்கச் செய்யப்பட்டவை. மேலே தடித்த படலமாக நிற்காமல் மரத்தின் துளைகளுக்குள் இறங்குபவை. பலகைக்கேற்ப எண்கள் கொடுத்திருக்கிறார்கள். 006 என்பது பாங்கிராய், இயற்கை நிறம். 016 அதன் அடர்நிறம். 007 நிறமற்ற தேக்கு எண்ணெய். இதில் வாங்குபவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மரத்தின் நிறம் மாறிவிடக் கூடாது என்று எண்ணி நிறமற்றதை எடுத்துவிடுவார்கள். புற ஊதாக் கதிரைத் தடுப்பது எண்ணெய் அல்ல, அதிலுள்ள நிறமிதான். நிறமி இல்லாத எண்ணெய் நீரைத் தள்ளுமே தவிர நரையைத் தடுக்காது. கூரைக்கு அடியிலுள்ள தளத்துக்கு 007 போதும். உச்சி வெயில் நேராக விழும் இடத்துக்கு 006ஆவது வேண்டும். 016 இன்னும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் மரத்தைக் காபிக்கொட்டை நிறத்துக்குக் கொண்டுபோய்விடும். வெளிர்நிறப் பலகையும் கருநிறப் பலகையும் கலந்து கிடந்த எங்கள் தளத்துக்கு 006 பொருந்தியது. வேறுபாட்டை முழுவதும் மறைக்காமல், உறுத்தாத அளவுக்கு அது சமன்செய்தது.

டப்பா 0.75 லிட்டரிலும் 2.5 லிட்டரிலும் வருகிறது. ஒரு லிட்டர் ஒரு கைக்கு ஏறத்தாழ 24 சதுர மீட்டர் வரும் என்பது நிறுவனத்தின் கணக்கு. அப்படியானால் 20 சதுர மீட்டர் தளத்துக்கு இரண்டு கைக்கு 1.7 லிட்டர் வேண்டும், 2.5 லிட்டர் டப்பா ஒன்று போதும், அதில் மீதியும் இருக்கும். நன்றாகக் காய்ந்து நரைத்த பலகை முதல் கையில் அதிகம் குடிக்கும் என்பதால், மீதி என்று நினைப்பது அங்கே செலவாகலாம். விலை, கடையில் கிடைக்கும் சாதாரண மரப்பூச்சைவிடக் கணிசமாக அதிகம். ஆனால் இந்த வேலையில் கூலியும் உழைப்பும்தான் பெரிய செலவு. எண்ணெய் விலையில் மிச்சம்பிடித்து எவரும் பெரிதாகச் சேமித்துவிடப் போவதில்லை.

பூச்சின் தரத்தில் பாதிக்கும் மேல் அதற்கு முந்தைய தயாரிப்பில்தான் இருக்கிறது. பழைய வார்னிஷ் இருந்தால் ஒரு பொட்டு விடாமல் தேய்த்தெடுக்க வேண்டும். வார்னிஷ் எஞ்சிய இடத்தில் எண்ணெய் இறங்காமல் மேலே பிசுபிசுவென்று நிற்கும். தேய்ப்பதற்கு முன் ஒவ்வொரு திருகாணியையும் பலகைக்குள் சற்று உள்ளே இறக்கிவிட வேண்டும், இல்லையேல் உப்புத்தாள் கிழிவதோடு இரும்புத் துகளும் சிதறும். உப்புத்தாளில் 60ஆம் எண்ணில் தொடங்கி 80இல் நிறுத்திவிடலாம், மிஞ்சினால் 100. உள்வீட்டு மேசைக்குச் செய்வதுபோல 180, 240 என்று மெருகேற்றிக்கொண்டே போகும் தச்சர்கள் இருக்கிறார்கள். அடர்த்தியான இந்த மரத்தை அவ்வளவு வழவழப்பாக்கினால் அதன் துளைகள் அடைபட்டு எண்ணெய் குடிக்காது. தொட்டால் சற்றே சொரசொரப்பாக இருப்பதுதான் வெளித்தளத்துக்கு அழகு.

பலகை புதிதாக இருந்தால் உடனே பூசக் கூடாது. பாலாவின் உள்ளிருந்து தேயிலைச் சாயம்போன்ற பழுப்பு நீர் முதல் சில வாரங்களின் மழைகளில் கசிந்து வெளியேறும். அது வெளியேறி முடியும்வரை விட்டுவிட வேண்டும். தளத்தின் ஓரத்தில் வெள்ளைச் சுவரோ வெளிர்நிறக் கல்தரையோ இருந்தால் அந்தக் கசிவு அவற்றில் கறையாகும் என்பதையும் முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும். ஆலையில் அறுத்து இழைத்த பலகையின் மேற்பரப்பு இயந்திர அலகில் அழுந்தி மினுமினுப்பாக இருக்கும்; வெயிலும் மழையும் அதையும் சற்றுத் திறந்துவிடும்.

எங்கள் தளத்தில் உப்புத்தாளுக்கு மசியாத ஒரு பகுதி இருந்தது. மதிலோரப் பலகைகள் ஐந்தாறில் கடுகளவு கரும்புள்ளிகள் நூற்றுக்கணக்கில் சிதறிக் கிடந்தன. பார்த்தவர்கள் பூஞ்சை என்றார்கள். உற்றுப் பார்த்தபோது ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஊசிமுனையளவு துரு தெரிந்தது, அதைச் சுற்றி நீலம் ஓடிய கருவட்டம். அண்டை வீட்டில் இரும்புக் கம்பிக்கதவு வேலை நடந்தபோது வெட்டும் இயந்திரத்திலிருந்து பறந்த தீப்பொறிகள் மதில் தாண்டி இங்கே விழுந்திருக்கின்றன. மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் நீலக்கருமையாகும். இதே காரணத்தால் மரத்தளத்தில் எஃகு நார்ச் சுருளால் தேய்ப்பதும், சாதாரண இரும்புத் திருகாணி போடுவதும் ஆகாது. துருப்பிடிக்காத எஃகில் 304 தரமாவது வேண்டும், கடற்கரையை ஒட்டிய வீடுகளுக்கு 316 தரம்.

அந்தக் கறைக்கு மருந்து ஆக்சாலிக் அமிலம். அதையே ஓஸ்மோ, நரைத்த மரத்தை மீட்கும் கூழாக விற்கிறது. வன்பொருள் கடையில் தூளாக வாங்கி வெந்நீரில் கரைத்தாலும் வேலை நடக்கும், செலவும் குறைவு. ஆனாலும் கூழுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண் இல்லை. கரைசல் பலகை இடுக்கில் வழிந்தோடிவிடும். கூழோ வைத்த இடத்தில் ஈரத்தோடு நின்று வேலை செய்யும். முதலில் இரும்புத் துகள்களை முடிந்தவரை காந்தத்தால் ஒற்றியெடுத்துவிட்டு, பலகையை நனைத்து, கூழைத் தடவி, குறைந்தது 20 நிமிடம் விட்டு, விறைப்பான தூரிகையால் மரத்தின் ரேகையோடு தேய்த்துக் கழுவ வேண்டும். கருவட்டங்கள் கண்ணெதிரே வெளுத்துப் பழுப்பாகி மறைவதைப் பார்க்கலாம். நரைத்த பலகையும் இப்படியே தன் பழைய நிறத்துக்குத் திரும்புகிறது, தேய்க்கும் வேலையும் பெருமளவு மிச்சமாகிறது. அமிலம் அமிலம்தான் என்பதை மறக்கக் கூடாது: கையுறையும் கண்காப்பும் வேண்டும், செடிகளை முன்பே நனைத்து மூட வேண்டும், கழுவிய நீர் மீன்குளத்துக்குள் போகாமல் தடுக்க வேண்டும். கோய் மீன் வளர்ப்பவர்கள் கடைசியாகச் சொன்னதை இரண்டு முறை படிக்கவும். கழுவியது போதாமல் அமிலம் பலகையில் எஞ்சியிருந்து, பிறகு உப்புத்தாள் போட்டால், பறக்கும் தூள் மூக்கையும் தொண்டையையும் பதம்பார்க்கும்.

கழுவிய தளம் காய்வதற்குக் குறைந்தது 2 நாள் மழையில்லாத பொழுது வேண்டும். சிங்கப்பூரில் அதுதான் அரிது. வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பர் முதல் ஜனவரிவரை இந்த வேலையை நினைக்கவே வேண்டாம்; ஏப்ரல், மே மாதங்களில் காலை வெயில் ஆசை காட்டிவிட்டுப் பிற்பகல் இடிமழை வந்துவிடும். ஆண்டின் வறண்ட மாதமான பிப்ரவரிதான் இதற்கு ஏற்றது. அப்போதும் கண்ணால் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. ஈரமானி என்ற சிறு கருவியின் ஊசிகளைப் பலகையில் அழுத்தி, 18 விழுக்காட்டுக்குக் கீழே காட்டினால் மட்டும் பூசலாம். நிழல் பக்கத்துப் பலகைகளில் அளப்பது முக்கியம், வெயில் பக்கம் எப்போதும் முந்திக் காய்ந்துவிடும்.

பூசும் வேலை எளிது, ஆனால் கட்டுப்பாடு வேண்டும். டப்பாவின் அடியில் நிறமி களிபோலப் படிந்திருக்கும். குலுக்கினால் போதாது, தட்டையான குச்சியால் அடிவரை கலக்க வேண்டும், பூசும்போதும் அவ்வப்போது கலக்க வேண்டும். கலக்காமல் தொடங்கியவரின் தளம் ஒரு முனையில் வெளிறியும் மறுமுனையில் கறுத்தும் முடியும். இரண்டு மூன்று பலகைகளாக எடுத்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிறுத்தாமல் ரேகையோடு போக வேண்டும். பாதிப் பலகையில் நிறுத்தி மீண்டும் தொடங்கினால், காய்ந்த விளிம்பில் புதிய எண்ணெய் ஏறி, போகாத கோடாக நின்றுவிடும். உச்சிப்பொழுதில் பலகை சுடும்போது பூசினால் எண்ணெய் இறங்குமுன் இறுகிவிடுகிறது. காலை வெயில் தளத்தை எட்டுவதற்கு முன் தொடங்குவது நல்லது. பலகைகளின் வெட்டுமுனைகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நீர் அதிகம் ஏறுவதும் வெடிப்பு தொடங்குவதும் அங்கேதான், அங்கே மட்டும் எண்ணெயை அது குடிக்கும்வரை கொடுக்கலாம்.

மற்ற இடங்களில் மெலிதாக என்பதுதான் சட்டம். பாலாவ் அதிகம் குடிக்கும் மரம் அல்ல. அரைமணி கழித்துத் தளத்தின் மட்டத்துக்குக் குனிந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால், எண்ணெய் இறங்காமல் நிற்கும் இடங்கள் ஈரமாக மினுங்கும். அவற்றைத் துணியால் துடைத்தெடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அவை பல நாள் ஒட்டும், செருப்புத் தடம் பதியும், பறந்துவரும் சருகெல்லாம் அதில் குடியேறும். இரண்டு கைக்கு இடையே 12 மணி நேரம் என்று அறிவுறுத்துகிறார்கள். எண்ணெய் காய்வது நீர் ஆவியாவதுபோல அல்ல; காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவது. காற்றோட்டம் குறைந்த, ஈரப்பதம் மிகுந்த நாளில் அது மெதுவாகத்தான் நடக்கும், ஆகவே ஓர் இரவு போதாமல் மறுநாள் மாலைவரை காத்திருக்க நேர்ந்தால் எண்ணெயைச் சந்தேகிக்க வேண்டாம்.

இதே வேதியியலால் விளையும் ஆபத்து ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், இறுகும்போது வெளிப்படும் வெப்பம் உள்ளேயே தேங்கி, துணி தானாகத் தீப்பற்றக்கூடும். பொருள் அறையிலோ குப்பைக் குழாயிலோ அப்படியே போடக் கூடாது. வேலை முடிந்த கையோடு நீரில் முழுக்க நனைக்க வேண்டும், அல்லது வெளியில் ஒற்றையாக விரித்து விறைக்கக் காயவிட்டு, பிறகு எறிய வேண்டும். வீட்டுப் பணிப்பெண்ணோ கூலியாளோ இந்த வேலையைச் செய்தால், அவர்களிடம் இதை வாயால் சொல்லிப் புரியவைக்க வேண்டும். டப்பாவில் அச்சிட்டிருப்பதை அவர்கள் படித்திருப்பார்கள் என்று நம்பி விட்டுவிட முடியாது.

பலன் எப்படி இருந்தது? இரண்டாம் கை காய்ந்ததும் மரத்தின் ரேகைகள் தெளிவாகத் தெரிந்தன. பளபளப்பு இல்லை, நல்லெண்ணெய் தேய்த்துத் துடைத்த தோலின் மினுமினுப்பு, அவ்வளவுதான். வார்னிஷின் கண்ணாடிப் பளபளப்பை எதிர்பார்ப்பவர்களுக்கு இது சப்பென்று தோன்றும். மழைநீர் மணிமணியாகத் திரண்டு நின்று, இடுக்கில் உருண்டுவிடுகிறது. வெறுங்காலுக்கு இதமாக இருக்கிறது, ஈரத்திலும் எண்ணெயால் வழுக்கல் கூடியதாகத் தெரியவில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து சிந்திய குழம்பை உடனே துடைத்தால் போய்விடுகிறது. இரவு முழுவதும் விட்டால் மஞ்சள் கறை சில நாள் நிற்கிறது, பிறகு வெயிலே அதை வெளுக்க வைத்துவிடுகிறது. பூந்தொட்டிகளை நேராகப் பலகையில் வைத்தால் எந்தப் பூச்சானாலும் அடியில் கருவட்டம் விழும், கால் வைத்த தாங்கிகளின்மேல் வைப்பதே வழி.

ஓராண்டு வெயிலில், கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் நிறம் மெல்ல மங்கியது. கூரைக்கு அடியில் ஏறக்குறைய அப்படியே இருந்தது. பூமத்திய ரேகைக்கு ஒன்றேகால் பாகை தள்ளியிருக்கும் ஊரில், தரைமட்டப் பலகையில் பூசிய எந்த எண்ணெயும் இதைவிட அதிகம் தாங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. முக்கியமானது மங்கும் விதம். உரியவில்லை, வெடிக்கவில்லை, திட்டாகவில்லை. தேய்ந்த இடத்தைக் கழுவிக் காயவிட்டு ஒரே ஒரு கை மேலே கொடுத்தால் பழைய பூச்சோடு கலந்துவிடுகிறது. மறுபடி உப்புத்தாள் எடுக்கும் அவசியமே இல்லை. இதற்காகத்தான் இந்த எண்ணெயை நான் பரிந்துரைக்கிறேன். நீடித்து உழைக்கும் என்பதற்காக அல்ல, தேயும்போதும் மரியாதையாகத் தேய்வதற்காக. புதுப்பிக்க வேண்டிய காலத்தை நாள்காட்டி பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பலகையில் நீர் தெளித்தால் அது திரளாமல் பரவி, சில நிமிடங்களில் மரம் கறுத்து ஈரம் குடிக்கிறது என்றால் நேரம் வந்துவிட்டது. முழுவதும் நரைக்கும்வரை காத்திருந்தால் அமிலக் கூழில் தொடங்கி எல்லா வேலையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

இடைப்பட்ட காலப் பராமரிப்பில் முதல் இடம் விளக்குமாற்றுக்கு. பலகை இடுக்குகளில் சருகு அடைத்துக்கொண்டால் ஈரம் அங்கேயே தங்குகிறது, பாசியும் அழுகலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. மெல்லிய தட்டைக் கத்தி ஒன்றால் அவ்வப்போது இடுக்கைக் கீறிவிட வேண்டும். தளத்துக்கு அடியில் நீர் தேங்கினால் மரத்துக்கு மட்டும் கேடு இல்லை, ஏடிஸ் கொசு உற்பத்தியாகும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் சோதனைக்கு வந்து கண்டுபிடித்தால் அபராதம் வீட்டுக்காரருக்குத்தான். ஆகவே கழற்றித் திறக்கக்கூடிய பலகைப் பகுதி ஒன்றைத் தளம் அமைக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

உயரழுத்த நீர்ப்பீச்சியைக் கையில் எடுத்தால் எல்லாரும் கருணையில்லாதவர்களாகிவிடுகிறார்கள். பாசி பறந்துபோவதைக் காணும் மகிழ்ச்சியில் முனையைப் பலகைக்கு மிக அருகில் கொண்டுபோக, மரத்தின் மென்மையான பகுதி அரிக்கப்பட்டு, நார்கள் பூனைமுடிபோலச் சிலிர்த்து நிற்கும். சாதாரணக் குழாய் நீரும், மென்மையான சோப்பும், விறைப்பான தூரிகையும் போதும். பாசி அடர்ந்திருந்தால் சோடியம் பெர்கார்பனேட் தூளைக் கரைத்துத் தேய்க்கலாம். துணி வெளுக்கும் குளோரின் நீர்மம் வேண்டாம், அது பாசியோடு சேர்த்து மரநாரையும் பதம்பார்த்துவிடும். கடைகளில் தேக்கு எண்ணெய் என்ற பொதுப்பெயரில் விற்கும் மலிவு டப்பாக்களுக்கு நிலையான கலவை எதுவும் கிடையாது. ஒன்றில் ஆளி விதை எண்ணெய் மிகுதி, இன்னொன்றில் கரைப்பான் மிகுதி. நிறமியோ பூஞ்சைத் தடுப்போ இல்லாத வெறும் ஆளி விதை எண்ணெய் நம் ஈரப்பதத்தில் கறுத்துப்போகும், பூஞ்சைக்கு அது தீனியும்கூட.

யாருக்கு இந்த எண்ணெய் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் தளத்துக்கு இது வேண்டாம். குடியிருப்பவர் ஆண்டுக்கொரு முறை குனிந்து வேலை செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது, பலகையைப் பூச்சின்றி விட்டுப் பாசியை மட்டும் கழுவச் சொல்வதே நடைமுறைக்கு உகந்தது. நீச்சல்குளத்தின் விளிம்புப் பலகைகளில் ஓயாத ஈரத்தாலும் குளோரினாலும் எந்த எண்ணெயும் விரைவில் தேயும், அந்த ஒரு வரிசைக்கு மட்டும் அடிக்கடி ஒரு கை கொடுக்க ஆயத்தமாக இருக்க வேண்டும். கூட்டுரிமை வீடுகளின் பால்கனியில் பூசுபவர்கள் ஒரு நாளாவது கரைப்பான் வாடையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அடுத்த வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. வேலையை ஆளிடம் கொடுப்பவர்கள், சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், பூசுவதற்கு முன் ஈரம் அளப்பீர்களா, எந்த எண் உப்புத்தாளில் நிறுத்துவீர்கள் என்ற இரண்டையும் கேட்டுப் பார்க்கலாம். விடை சொல்லத் தெரிந்தவரிடம் விலை சற்றுக் கூடினாலும் கொடுக்கலாம்.

மிஞ்சிய எண்ணெயைப் பெரிய டப்பாவிலேயே விட்டுவைத்தால் உள்ளிருக்கும் காற்றால் மேலே ஆடை படியும். சிறு கண்ணாடிச் சீசாக்களில் விளிம்புவரை நிரம்பும்படி மாற்றி, டப்பாவின் நிற எண்ணை எழுதி ஒட்டி, நிழலில் வைத்தால் அடுத்த பிப்ரவரிக்கு உதவும். அப்படியும் ஆடை படிந்திருந்தால் அதைக் கலக்காமல் ஓரத்தில் கீறி முழுதாக எடுத்துவிட்டு, மீதியைப் பழைய நைலான் துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாம்.